காட்டுக்கு ஈடு ஹரியானாவில் இல்லை, அம்மாடி

ஹட்டோ,
போர்ட் பிளேர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை இன்னும் விட்டபாடில்லை, அதனால் குழாயில் தண்ணீருக்குக் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. லைன் விட்டுவிட்டுக் கேட்டது ஒரு காரணம். கோபத்தில் ஏதாவது பேசிவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். "நீங்களும் மரம் அறுத்த காசில்தானே எங்களைப் படிக்க வைத்தீர்கள், இப்போது கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகத் திட்டத்துக்கு மரம் வெட்டக் கூடாது என்று மனுவில் கையெழுத்துப் போடுகிறீர்களே அப்பா?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். சாத்தம் தீவில் அரசு மர அறுவை மில்லில் வேலை பார்த்ததால்தான் அந்தக் கையெழுத்து. ஏன் என்று உட்கார்ந்து எழுதினால்தான் உனக்குப் புரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மில்லுக்கு வந்த தடிகளை நீ பார்த்ததில்லை. குர்ஜன் தடி ஒன்றை ஏற்றினால் லாரியில் வேறு எதற்கும் இடம் இருக்காது. வடக்கு அந்தமானிலிருந்தும் நடு அந்தமானிலிருந்தும் மிதக்கிற மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடலில் இழுத்து வருவார்கள். குர்ஜனில் எண்ணெய் அதிகம். அறுக்க அறுக்க ரம்பப் பல்லில் பிசின் அப்பும், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டேதான் ஓட்டவேண்டும். படாக் மரம் அறுக்கிற நாளில் மில் முழுக்கச் சிவப்புத் தூள். வியர்வையில் பட்டால் சட்டைக்கு அந்தச் சிவப்பு ஏறிவிடும், உன் அம்மா அவற்றைத் தனியாகத்தான் ஊறப்போடுவாள். வெள்ளைக்காரன் 1883ல் தொடங்கிய மில் அது. நூறு வருஷத்துக்கு மேல் இந்தத் தீவுகளின் காடு சாத்தம் வழியாகத்தான் மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் ஏறியது.

ஆண்டுக்கு ஆண்டு தடி இளைத்துக்கொண்டே வந்தது. இதை எனக்கு யாரும் புள்ளிவிவரம் காட்டிச் சொல்லவேண்டியதில்லை, ரம்ப மேஜையில் கை வைத்தவனுக்குத் தெரியும். முன்பு கழித்துப் போட்ட பருமனில் வந்த தடியைப் பிறகு முதல் தரம் என்று அடுக்கினோம்.

வெட்டினால் திரும்ப வளரும் என்றுதான் வனத்துறையில் சொன்னார்கள். அதற்குத் திட்டமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுக்கான பகுதிகளாக, பிரித்து, அதில் பெரிய மரங்களை எடுத்துவிட்டு, கொடி, புதர் எல்லாம் வெட்டி, மேற்கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிச்சம் விட்டால், விழுந்து கிடக்கிற விதைகள் தானாக முளைத்து அதே காடு திரும்பிவரும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பெரிய மரம் தனியாக விழாது அம்மாடி. அதன் தலையில் பின்னிக் கிடக்கிற கொடிகள் பக்கத்து மரங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தடியை இழுத்து வந்த வழியெல்லாம் மண் இறுகிப்போகும். வெளிச்சம் வந்த இடத்தில் படாக் கன்றுக்கு முன்னால் கொடி ஏறிவிடும். அதையும் மீறித் தலை தூக்குகிற கன்றைப் புள்ளிமான் கடித்துவிடும். அந்த மான் இந்தத் தீவுகளுக்குச் சொந்தமில்லை, வெள்ளைக்காரன் வேட்டைக்காகக் கொண்டு வந்து விட்டது. அதைப் பிடித்துத் தின்னப் புலியும் இங்கே கிடையாது.

யானைகளின் கதையும் அப்படித்தான். வடக்கு அந்தமானில் குத்தகைக்கு மரம் வெட்டிய ஒரு கம்பெனி நொடித்துப் போனபோது, 1962 வாக்கில், தடி இழுத்த யானைகளில் நாற்பது போல இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டார்கள். அவை காட்டு யானைகளாகிப் பட்டை உரித்தும் பனைகளைச் சாய்த்தும் அந்தத் தீவின் காட்டையே மாற்றிவிட்டன. கம்பெனி போய் அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. அது செய்த சேதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சில கூப்புகளில் சுத்தமாக வெட்டித் தேக்கு நட்டார்கள். தேக்கும் இந்த மண்ணின் மரம் இல்லை. மழைக்காலத்தில் ஒரு தேக்குத் தோட்டத்துக்குள் நின்று பார். அந்த அகல இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் அடிமண்ணைப் பறித்துக்கொண்டு ஓடும், ஓடை கலங்கலாகப் போகும். கொஞ்ச தூரம் தள்ளி வெட்டாத காட்டில் அதே மழைக்கு ஓடைத் தண்ணீர் தெளிவாக இருக்கும், மழை நின்று பல நாள் ஆனாலும் கசிந்துகொண்டிருக்கும். நமக்கு ஆறு கிடையாது. தனிக்காரி அணை நிரம்பினால்தான் இந்த ஊருக்குக் குடிதண்ணீர். கோடையில் நாள் விட்டு நாள், சில சமயம் அதையும் தாண்டி, குடத்தோடு நீ காத்திருந்தது மறந்திருக்காது. மேலே காடு இருப்பதால்தான் அந்த அளவாவது வந்தது.

அப்புறம் வழக்கு வந்தது. அப்போது நீ சின்னப் பெண், வீட்டில் பேசிக்கொண்டதில் பாதிதான் உனக்குப் புரிந்திருக்கும். லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடி மக்களுக்கு ஒதுக்கிய நிலத்துக்குள்ளேயே மரம் வெட்டுவதை எதிர்த்து, இந்த ஊர் சேன் என்ற சூழல் அமைப்பும் கல்பவிருக்ஷ், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் ஆகியவையும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டியதை எதிர்த்து 1995ல் கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் ஏற்கெனவே இருந்தது. நம் ஊர் விஷயமும் அதிலேயே சேர்ந்தது. நீதிமன்றம் சேகர் சிங் என்பவரை விசாரணை ஆணையராகப் போட்டது. அவர் இங்கே வந்து பார்த்துவிட்டு 2002 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். 2002 மே 7ஆம் தேதி உத்தரவு வந்தது: இயற்கைக் காட்டில் வியாபாரத்துக்கு மரம் வெட்டக் கூடாது, தீவுக்காரர்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் அளவோடு எடுக்கலாம், மரம் தீவுகளை விட்டு வெளியே போகக் கூடாது.

அன்றைக்கு ஹட்டோவில் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்று தெரியவில்லை. பிளைவுட் ஆலைகள் மூடின. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் சாமானைக் கட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கே கப்பல் ஏறினார்கள். மரம் வெட்டுவதற்கென்றே ராஞ்சிப் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் பிள்ளைகள், 1925ல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், எல்லாருக்கும் அடி விழுந்தது. நான் அரசு ஊழியன் என்பதால் தப்பித்தேன். காட்டைக் காப்பது என்று முடிவு செய்தால் கூலிக்காரனுக்கு மாற்று வேலை கொடுப்பதும் அந்த முடிவிலேயே இருக்கவேண்டும். அன்றைக்கு அது போதிய அளவு நடக்கவில்லை. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன், நம் ஆட்கள் முன்னாலும் சொல்வேன். ஆனாலும் அந்த உத்தரவு சரியான உத்தரவு. அது வராமல் இருந்திருந்தால் பேரன் பேத்திகளுக்குக் காட்ட மாயாபந்தர்ப் பக்கம் எதுவும் மிஞ்சியிருக்காது. அதே உத்தரவில் ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகும் டிரங்க் ரோட்டின் பகுதிகளை மூடவும் சொன்னார்கள். இன்றைக்கும் வண்டி ஓடுகிறது.

சரி, கிரேட் நிக்கோபாருக்கு வருகிறேன்.

துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் எல்லாம் சேர்ந்த திட்டம் அது. அதற்காகக் காடாக இல்லாமல் மாற்றப்படப்போவது 130 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2022ல் அனுமதி கொடுத்தார்கள். 9.64 லட்சம் மரங்கள் வெட்டப்படலாம் என்று 2023ல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்தக் காடு அரசு நிலம், அதாவது உன்னுடையதும் என்னுடையதும். நமக்கு முன்னால் அங்கே வாழ்கிற ஷொம்பென், நிக்கோபாரி பழங்குடி மக்களுடையது. ஷொம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். ஏறக்குறைய 8,000 பேர் இருக்கிற தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடிவைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நிக்கோபாரிகளின் பழங்குடி மன்றம் முதலில் கொடுத்த ஒப்புதலை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களும் அந்த வரைபடத்துக்குள் போகின்றன என்று தங்களிடம் சொல்லவில்லை என்றார்கள். 2004க்குப் பிறகு எப்போது எங்கள் ஊருக்குத் திரும்பலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் அவர்கள்.

வெட்டுகிற காட்டுக்கு ஈடாக எங்கே மரம் நடுவார்கள்? ஹரியானாவில். நீ இருக்கிற மாநிலத்தில்.

இதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு எழுதுகிறேன். போன வருஷம் குருகிராமில் உன் வீட்டுக்கு வந்தபோது, ஆரவல்லிப் பக்கம் என்னை நடக்கக் கூட்டிப்போனாயே, அங்கே நான் பார்த்ததில் பெரும்பாதி நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்தான். ஆரவல்லியில் மரம் நட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மலைக்கும் ஆள் வேண்டும், அங்கேயும் வெட்டிச் சுரண்டியிருக்கிறார்கள், தாராளமாக நடட்டும். ஆனால் அதை நிக்கோபாருக்கு ஈடு என்று எப்படி எழுதுகிறார்கள்? வருஷத்தில் 3,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை வாங்குகிற மண்ணில் உண்டான காடு அது. அங்கே ஒரு பறவை இருக்கிறது, மெகாபோடு என்பார்கள். கோழி அளவுதான் இருக்கும். முட்டையில் உட்காராது. கடலோரக் காட்டில் மணலையும் சருகையும் காலால் பறித்து மேடு குவித்து, அதற்குள் முட்டையைப் புதைத்துவிடும். சருகு மட்கி எழும் சூட்டில் குஞ்சு பொரிந்து, தானே மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வரும். அந்தப் பறவைக்கு அந்தக் கரையும் அந்தச் சருகும் வேண்டும். குருகிராமில் நட்ட கன்று அதற்கு என்ன செய்யும்? உலகிலேயே பெரிய கடலாமை முட்டையிட வருகிற கலாத்தியா விரிகுடாவில்தான் துறைமுகம் வருகிறது. அங்கே இருந்த சரணாலயத்தையே 2021ல் ரத்து செய்துவிட்டார்கள்.

நாட்டுப் பாதுகாப்பு என்று நீ சொன்னாய். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1942 குண்டு விழுந்த பள்ளம் சாத்தமில் இன்னும் இருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அந்தத் தீவின் கேம்பல் பேயில் கடற்படையின் ஐ.என்.எஸ். பாஸ் 2012லிருந்து இருக்கிறது. அதை விரிவாக்கட்டும், அதற்கு எவ்வளவு இடம் தேவையோ எடுக்கட்டும். ஒரு பெருநகரமும் சரக்குப் பெட்டகத் துறைமுகமும் எல்லைக்காவல் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் தீவின் தென்முனை 4 மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மூன்றரை லட்சம் பேரா?

மரம் வெட்டுவதே பாவம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நட்டு வளர்த்த தோட்டத்தில் வெட்டு, தீவுக்காரன் வீடு கட்ட ஒரு மரம் கேட்டால் கொடு. யாரும் நடாத, யாராலும் திரும்ப நட முடியாத காட்டை மட்டும் விட்டுவிடு. கன்றிலிருந்து காடு வரும் என்று காகிதத்தில் எழுதிவிடலாம், நூறு வருஷ வேலைத் திட்டமும் அதைத்தான் எழுதியது.

உன் கம்பெனி இந்த மாதிரித் திட்டங்களுக்கு அறிக்கை தயாரிக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேலையை விடு என்று அப்பா சொல்லவில்லை. கடன் தலைக்கு மேல் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. உன் கைக்கு இப்படி ஒரு கோப்பு வந்தால், ஈடாக நடும் இடம் என்ற பத்தியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்வி கேள். அங்கே இப்போது என்ன இருக்கிறது, யார் தண்ணீர் ஊற்றுவார்கள், பத்து வருஷம் கழித்து யார் எண்ணிப் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேள். கேட்டது ஆவணத்தில் இருக்கட்டும். 2002ல் நமக்குக் கை கொடுத்ததும் யாரோ முன்னால் எழுதி வைத்த காகிதங்கள்தான்.

டிசம்பரில் லீவு கிடைக்கும் என்றாயே, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. மாயாபந்தர் போகிற வழியில் பழைய கூப்பும் வெட்டாத காடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஓர் இடம் எனக்குத் தெரியும், ரேஞ்சரிடம் சொல்லி அனுமதி வாங்கி வைக்கிறேன். அட்டை ஏறும், ரப்பர் செருப்போடு வந்து நிற்காதே. விமான டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடு. தேதி தெரிந்ததும் அம்மாவுக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா