விட்டுப்போனவர்களா, விட்டுப் போனவர்களா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பசிபிக் தீவு நாடான மார்ஷல் தீவுகளின் மக்கள்தொகைக் கோப்பு கடைசியில் உன் மேசைக்கே வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. 2011 சென்சஸில் 53,158 பேர், 2021-ல் 42,418 பேர். குறைந்த 10,740 பேர் கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்களா, நாட்டை விட்டுப் போனவர்களா என்று கேட்டிருக்கிறாய்.

பெரும்பாலோர் நாட்டை விட்டுப் போனவர்கள்தான். ஆனால் அதை எண்களை வைத்துக் காட்டவேண்டும், ஏனென்றால் ஐ.நா.வின் 2019 மதிப்பீட்டில் 2020-க்குச் சுமார் 59,000 என்று போட்டிருந்தார்கள். அந்த எண்ணை வகுக்கும் எண்ணாக வைத்து எத்தனை தலா வருமானம், எத்தனை தடுப்பூசி விகிதம் கணக்கிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார். 1999-ல் 50,800-ஐ ஒட்டி இருந்த தொகை 12 ஆண்டில் இரண்டாயிரத்துச் சொச்சமே கூடியது. பிறப்பு இவ்வளவு அதிகமுள்ள நாட்டில் அப்போதே ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அமெரிக்காவோடு உள்ள ஒப்பந்தப்படி 1986 முதல் மார்ஷலியர் விசா இல்லாமலே அமெரிக்காவில் தங்கி வேலை பார்க்கலாம். கதவு திறந்திருக்கும் நாட்டுக்கு, இடம்பெயர்வு குறைந்துவிடும் என்று அனுமானித்து முன்கணிப்புப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

முதலில் சமன்பாட்டை எழுது: பழைய தொகை, கூட்டல் பிறப்பு, கழித்தல் இறப்பு, கூட்டல் நிகர இடம்பெயர்வு (வந்தவர்கள் கழித்தல் போனவர்கள்). பிறப்பும் இறப்பும் பதிவேட்டில் இருக்கும், ஓரளவு நம்பலாம். ஒன்றை மட்டும் கவனி: நிகழ்ந்த இடப்படி பதிந்திருக்கிறார்களா, வசிப்பிடப்படியா? சிகிச்சைக்கு ஹவாயின் ஹொனலுலுவுக்கு அனுப்பிய நோயாளி அங்கே இறந்தால் உள்ளூர்ப் பதிவேட்டில் வராமல் போகலாம். இறப்பு குறைவாகவே இருப்பதால், ஆண்டொன்றுக்கு 30 விட்டுப்போனாலும் ஆயுள்காலம் தாறுமாறாகும். ஐந்தாண்டுகளைச் சேர்த்துத்தான் ஆயுள் அட்டவணை, அதாவது எந்த வயதுவரை எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கணக்கு, போடவேண்டும்.

தலைவலி இடம்பெயர்வில்தான். இரண்டு பெரிய எண்களின் சிறு வித்தியாசம் அது. ஒரு பேச்சுக்கு, ஆண்டில் 30,000 பேர் வந்து 31,000 பேர் போனார்கள் என்று வை. நிகரமாக வெளியேறியவர்கள் 1,000. போனவர்களில் நூற்றுக்கு 2 பேரின் பதிவு விடுபட்டால் 620 பேர் காணாமல் போய், நிகரம் 380 என்று தெரியும். நூற்றுக்கு 2 பிழை எந்தக் குடிவரவு அலுவலகத்திலும் சாதாரணம். பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறும், பெயரின் எழுத்து மாறும், ஒரே ஆள் இரண்டு ஆளாவார். பிறந்த தேதி, பாலினம், குடும்பப்பெயரின் முதல் மூன்று எழுத்து ஆகியவற்றை இணைத்து ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளத் திறவுகோல் அமைத்து, வருகைப் பதிவோடு புறப்பாட்டுப் பதிவைப் பொருத்து. பிறந்த தேதி ஜனவரி 1 என்று உள்ளவர்களைத் தனியே கையால் பார், தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டிருப்பார்கள்.

விமானக் கணக்கும் இருக்கிறது. ஹொனலுலுவிலிருந்து மார்ஷல் தீவுகளின் மஜுரோ, குவாஜலீன் வழியாக அமெரிக்கத் தீவான குவாம் வரை போகும் விமானத்தின் பயணிகள் எண்ணிக்கையை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை மாதாமாதம் வெளியிடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும், அதாவது ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை, விமானத்தில் இருந்த எல்லோரும் அதில் எண்ணப்படுவார்கள், இறங்காமல் கடந்துபோகிறவர்கள் உட்பட. நாட்டுக்குள் வரும் எல்லாக் கட்டங்களையும் கூட்டி, வெளியேறும் எல்லாக் கட்டங்களையும் கழித்தால் கடந்துபோகிறவர்கள் தானாகவே அடிபட்டுவிடுவார்கள். ஒரு கட்டத்தை மறந்தாயோ, மொத்தமும் கெட்டது. மஜுரோ - குவாஜலீன் கட்டம் உள்நாடு, அதைச் சேர்க்காதே. கிரிபாட்டியின் தாராவா வழியாக வரும் நவுரு ஏர்லைன்ஸ் இதில் இருக்காது. குவாஜலீன் ராணுவத் தளத்துக்குப் போய்வரும் அமெரிக்கர்கள் கலந்திருப்பார்கள். ஆண்டை டிசம்பரில் முடிக்காதே: கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர்கள் ஜனவரியில்தான் திரும்புவார்கள், அத்தனை பேரும் குடியேறியவர்களாகிவிடுவார்கள். செப்டம்பர் 30-ல் முடி. ஒற்றை ஆண்டு நிகரத்தை எதற்கும் பயன்படுத்தாதே, பத்தாண்டுக் கூட்டுத்தொகையை மட்டும் பார்.

இனி உன் கேள்விக்கு நேராக வருகிறேன். மொத்தத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓட்டை எந்த வயதில் இருக்கிறது என்று பார். 2011-ல் 20-24 வயதில் இருந்தவர்கள் 2021-ல் 30-34. ஒரு எடுத்துக்காட்டு: அன்று 2,000 பேர், உயிர்பிழைப்பு விகிதம் 0.98, ஆக 1,960 பேர் இருக்கவேண்டும். எண்ணியது 1,300 என்றால் 660 பேர் இல்லை. இப்படி எல்லா வயதுக்கும், ஆண் பெண் தனித்தனியாகப் போடு. இளம் பெற்றோர் வயதிலும், கூடவே பள்ளிப் பிள்ளைகள் வயதிலும் ஓட்டை ஆழமாகவும், 60-க்கு மேல் ஆழம் குறைந்தும் இருந்தால், குடும்பத்தோடு கிளம்பிப் போயிருக்கிறார்கள். 0-4 வயதில் மட்டும் குழி இருந்தால், அது எண்ணுபவர் கைக்குழந்தையை விட்டது. கடந்த ஐந்தாண்டுப் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். ஒரே பவளத்தீவில் எல்லா வயதும் சம அளவில் குறைந்தால், எண்ணுபவரின் படகு போகாத கணக்கெடுப்புப் பகுதி ஏதோ இருக்கிறது.

பள்ளிச் சேர்க்கை இரண்டாவது சாட்சி. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான எண்ணிக்கையின் போக்கை மட்டும் பார், அளவை நம்பாதே. மானியம் தலைக்கு இவ்வளவு என்றால் தலைகள் கூடும். வாக்காளர் பட்டியலைத் தொடவே தொடாதே. போனவர்களும் இறந்தவர்களும் அதில் வாழ்ந்துகொண்டிருப்பார்கள். மின்இணைப்பை வீட்டின் சராசரி ஆளெண்ணிக்கையால் பெருக்குவது எளிதுதான், ஆனால் சராசரி 7-க்குப் பதில் 6.5 என்றாலே நூற்றுக்கு 7 போய்விடுகிறது.

மூன்றாவது சாட்சி எதிர்க்கரையில். அமெரிக்கச் சென்சஸில் மார்ஷலியர் 2010-ல் 22,434 பேர், 2020-ல் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அங்கேயே பிறந்த குழந்தைகளும் இதில் உண்டு என்பதால் கூடுதலை அப்படியே இடம்பெயர்வு என்று எழுதாதே, மார்ஷல் தீவுகளில் பிறந்தவர்களைப் பிரித்து எடு. நியுவே என்ற சிறு பசிபிக் தீவில் இதே தவறு இன்னும் பெரிதாகும்: தீவில் இரண்டாயிரத்துக்குக் குறைவு, நியூசிலாந்தில் தம்மை நியுவேயர் என்று சொல்பவர்கள் 30,000-க்கு மேல்.

யாரை "வசிப்பவர்" என்று கொள்கிறோம் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடு. நியூசிலாந்தின் கீழுள்ள டோகலாவ் தீவுகளின் 2016 எண்ணான 1,499-ல் சமோவாவின் அபியாவில் வேலை பார்க்கும் டோகலாவ் அரசு ஊழியரும் அவர்கள் குடும்பமும் அடக்கம். அன்றிரவு தீவில் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் வேறு நாடு மாதிரி இருக்கும். உனக்கு 2021 இன்னும் சிக்கல், கொரோனாவால் எல்லை மூடியிருந்த காலம். வெளியே மாட்டிக்கொண்டவர்களை அந்தந்த வீட்டார் "இருக்கிறார்" என்றார்களா, "இல்லை" என்றார்களா? கேள்வித்தாளின் சொற்களைத் தேடிப் படி.

இரண்டு சென்சஸின் ஒற்றை வயது அட்டவணையையும், பிறப்புப் பதிவை மாதவாரியாகவும் அனுப்பு. வயதைத் தோராயமாகச் சொல்பவர்களால் 0, 5-ல் முடியும் வயதுகள் எவ்வளவு குவிந்திருக்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டு ஓட்டைப் படத்தை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரகு