தம்பியின் வால்வு

பாம்பன்

அன்புள்ள மாப்ளைக்கு,

ஆறு மாதமாக எழுதவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். வாத்தியார் இன்னும் உன்னைக் கேட்கிறார், அந்தச் சைக்கிளையும் சேர்த்து.

தம்பி விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். போன மாதம் வலையிலிருந்து நண்டைப் பிரிக்கும்போது கொடுக்கு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மூன்று துணி மாற்றியும் ரத்தம் நிற்கவில்லை. "ரத்தத்தை நீர்க்கவைக்கிற மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்து" என்று கரையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவனும் வீட்டில் மூச்சு விடாமல் பத்து நாள் நிறுத்திவிட்டான்.

அவன் இதயத்தில் பொருத்தியிருப்பது சித்திரா வால்வு; அதில் ரத்தம் கட்டாமலிருக்கத்தான் அந்த மாத்திரை. திருவனந்தபுரத்தில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். உலோகக் கூட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு, நாளைக்கு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. ராத்திரி கரண்ட் போனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு டிக் டிக்கென்று கேட்கும். மாத்திரையை நிறுத்தியிருந்தபோது ஒரு ராத்திரி அவன் பொண்டாட்டிக்கு அது கேட்கவில்லை. நெஞ்சில் காதை வைத்தாள். அமுங்கிப்போய் ஏதோ கேட்டதாம். அவனுக்கோ மூச்சு இரைத்தது. விடியுமுன் மதுரைக்கு ஓடினோம்.

படகடியில் கொட்டலசு பிடிக்குமே, அந்த மாதிரி வால்வில் ரத்தக்கட்டி பிடித்துவிட்டது. தட்டு பாதிதான் அசைந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சத்தம் திரும்பியது. அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போயிருந்தால், மாப்ளை?

ஆபரேஷனுக்கு முன்பே எங்களிடம் கேட்டார்கள். மாட்டுத் திசு வால்வு என்றால் ஆயுள் முழுக்க இந்த மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் இளவயசுக்காரனுக்குச் சீக்கிரம் கெட்டு, மறுபடி நெஞ்சைத் திறக்கணும். உலோக வால்வு உழைக்கும், மாத்திரை கடைசிவரை. உழைப்பதை மட்டும் பார்த்தோம். கடலுக்குப் போகிறவன் கையில் தினம் ஒரு கீறல் விழும் என்று எனக்குமே தோன்றவில்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டு ஒரு மாதம் உள்ளே கிடந்தால் மாத்திரை யார் கொடுப்பார்? இதை நினைத்தாலே தூக்கம் போகிறது.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கணக்கு அவனுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்கணுமாம். முருங்கைக்கீரைகூட ஒரு வாரம் குண்டான் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்று இருக்கக்கூடாது, மாத்திரையின் வேலை ஏறி இறங்கிவிடும். விரலில் குத்தி வீட்டிலேயே பார்க்கும் கருவி இருக்கிறது. சென்னையில் விலை விசாரித்து எழுது, தள்ளிப்போடாதே. மாத்திரையை மூடி இறுகிய டப்பாவில் போட்டு வத்தைப் படகிலேயே கட்டிவிட்டேன்.

தம்பி பொண்டாட்டி இன்னும் ராத்திரியில் ஃபேன் போட விடுவதில்லை.

உன் மாப்ளை