வகாரம் பிறக்காத வகுப்பு

அன்புள்ள அம்மா,

வணக்கம். சென்ற மாதம் என் மேல்வரிசை முன்பல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைப் பல் பொருத்த 3 வாரம் ஆகும் என்றார் மருத்துவர். அதற்குள்தான் முதுகலை வகுப்புக்கு, எழுத்தொலிகள் எந்தெந்த உறுப்பில் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலை நடத்தும் முறை வந்தது.

1986-இல் அதை எங்களுக்கு நடத்தியபோது நீங்கள் கரும்பலகையைத் தொடவேயில்லை. உள்ளங்கையை வாய்க்கு எதிரே பிடித்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னீர்கள். நானும் அப்படியே தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டையும் தொட்டுக் காட்டிவிட்டு, "பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்" என்ற நூற்பாவுக்கு வந்தேன். கீழுதட்டைத் தொட வேண்டிய இடத்தில் பல் இல்லை, காற்றுத்தான் வந்தது. முதல் வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால், எந்தெந்த எழுத்து என் வாயில் கெடுகிறது, எது கெடவில்லை, ஏன் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். தகாரம் சற்றுத் தடுமாறுகிறது என்றார்கள். இதழிரண்டும் சேர்ந்தாலே போதும் என்பதால் பகாரத்துக்கு ஒன்றும் நேரவில்லை என்பதை அந்தப் பெண்ணே சொன்னாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. உங்களைப்போல் 58-இல் ஓய்வு பெற்றிருந்தால் இந்த வகுப்பு எனக்கு வாய்த்திராது; 2021-இல் ஓய்வு வயது 60 ஆனதால் கிடைத்தது.

இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் நடத்தினேன். நீங்கள் வகுப்பில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாலையில் ஆசிரியர் அறையில் உங்கள் கால்கள் வீங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். என் வயதுடைய ஆண் பேராசிரியர் உட்கார்ந்து பாடம் நடத்தினால் பழுத்த அனுபவம் என்கிறார்கள். நான் உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். மாதவிடாய் நின்ற காலத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் திடீரென்று கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டும். பாடத்தை நிறுத்தாமல் முந்தானையால் துடைத்துக்கொள்வேன், யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் பாடத்தின் நடுவே அடிக்கடி முகம் துடைப்பீர்கள். சுண்ணக்கட்டித் தூள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

ஞாயிறு மாலை வீட்டுக்கு வருகிறேன், அம்மா. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

என்றும் உங்கள் மாணவி