கோவில்பட்டியில் இருக்கும் அத்தைக்கு

அத்தை,

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு பாப்பாவை இங்கே வில்லிவாக்கத்திலேயே ஒரு டே கேரில் சேர்த்துவிட்டோம். ஏன் என்ற கேள்விக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்றுதான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். மதினியும் படிப்பார், அதனால் சிலதை மேலோட்டமாகத்தான் சொல்ல முடியும்.

முட்டி வலியோடு மூன்று மாடி ஏறி இறங்கினீர்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கலாம்தான், ஆனால் லிஃப்ட் இல்லாத வீட்டை நானா பார்த்தேன்? சரி, அது வேண்டாம்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த அந்தச் சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஆபீஸில் நாங்கள் வேலை செய்கிற பாதுகாப்புப் பகுதிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் திரை முழுக்க உங்கள் மிஸ்டு கால். ஓ.எம்.ஆர் ரோட்டில் மெட்ரோ வேலை, பஸ் நகரவே இல்லை. நான் கிளினிக் வந்து சேர்ந்தபோது பாப்பா உங்கள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு வேளை மருந்தும் உள்ளே போயிருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசில் ஃபீஸ் கட்டியிருந்தீர்கள். "தாய்க்காரி வேலைக்குப் போயிருக்கா, பாவம், ஓடி வந்துருவா" என்று நர்ஸிடம் நீங்கள் சொன்னது வாசல்வரை கேட்டது. அப்படியே உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

உங்கள் மகனுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவன் மீட்டிங்ல இருப்பான், எதுக்குத் தொந்தரவு" என்றீர்கள். அவர் ஆபீஸ் அண்ணா நகரில், அத்தை. பைக்கில் கால் மணி நேரம். நான் இருந்தது ஊரின் மறுகோடியில், சிறுசேரியில்.

2017 மகப்பேறு சட்டத் திருத்தம் எனக்கு 26 வாரம் விடுப்பு கொடுத்தது, அப்புறம் பாப்பாவைத் தூக்கினது உங்கள் கைதான், அதை யாரிடமும் மறைக்கவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான், எங்கள் கம்பெனியிலும் இருக்கிறது, ஆனால் ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குழந்தையை தினம் பஸ்ஸில் தூக்கிப்போக முடியுமா? மதினி ரெண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளவில்லையா என்பீர்கள். அவருடைய மாநில அரசு வேலையில் 2021லிருந்து விடுப்பே ஒரு வருடம். குறை சொல்லவில்லை மதினி, கணக்குச் சொல்கிறேன்.

கணக்கு என்றதும் இன்னொன்று. 2019ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதில் ஒரு நாளைக்கு 299 நிமிடம் போனது, செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். உங்கள் மகனிடம் படித்துக் காட்டினேன். 97ஆ என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

டே கேர் ஃபாரத்தில், அவசரத்துக்கு முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் அவர் நம்பரைத்தான் எழுதினேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கூட்டிவருவதும் அவர்தான். முதல் வாரமே ஒரு நாள் டே கேரிலிருந்து போன் போய், மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஆபீஸ் இடிந்துவிடவில்லை. அன்றைக்கும் அவரை இப்படி ஓடிவர வைக்க உங்களால் முடிந்திருக்கும் அத்தை, நீங்கள் ஒரு போன் போட்டிருந்தாலே போதும். மாத்திரையை வேளைக்குப் போடுங்கள், தைலமும் கொடுத்தனுப்புகிறேன்.

மருமகள் அனுப்பிவிட்டாளாமே என்று யாராவது கேட்டால், நானாகத்தான் கிளம்பினேன் என்று சொல்லுங்கள். அதுதானே நடந்தது?