கப்பலுக்கும் டோக்கன் கொடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துறைமுகத்தைப் பசுமையாக்குவது பற்றிச் செய்தி வந்தாலே சோலார் தகடும் காற்றாலையும்தான் படத்தில் இருக்கின்றன. வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும் கப்பலை யாரும் பேசுவதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

குழாயில் தண்ணீர் வருமுன்பே குடத்தை வைத்து இடம் பிடிப்போம் இல்லையா, கப்பலும் அதைத்தான் செய்கிறது. வந்து சேர்ந்து 'தயார்' என்று நோட்டீஸ் கொடுத்த நேரத்தை வைத்துத்தான் பல துறைமுகங்களில் வரிசை. வாடகை ஒப்பந்தமும் முடிந்தவரை சீக்கிரம் போய்ச் சேர் என்கிறது. கப்பலை நிறுத்திச் சரக்கு இறக்கும் இடமான பெர்த் காலியில்லை என்று தெரிந்தே கேப்டன் இன்ஜினை விரட்டிக்கொண்டு வருவார். அப்படி வந்த ஒரு நிலக்கரிக் கப்பல் நாலு நாள் வெளியே நின்றது, ஜெனரேட்டர் மட்டும் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என் மேஜையில் அதே கப்பலுக்கு மூன்று தாளில் மூன்று நேரம்: கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டி அழைத்துவரும் பைலட்டுக்கு ஒன்று, சரக்கு இறக்கும் கான்ட்ராக்டருக்கு ஒன்று, லாரிக்காரர்களுக்கு ஒன்று. மூன்றாவதை நம்பி வந்த டிரைவர்கள் ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி விரட்டாமல் கப்பலின் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால், பயணம் நீளுவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், அதே தூரத்துக்கு எண்ணெய் ஏறக்குறைய 19 சதவீதம் மிச்சம். கன்டெய்னர் கப்பல்களைப் பற்றி 2022-ல் வந்த ஆய்வு ஒன்று, பெர்த் காலியாகும் நேரத்துக்கு ஏற்ப கடைசி 24 மணி நேரம் மட்டும் வேகத்தைச் சரிசெய்தாலே கிட்டத்தட்ட 6 சதவீதம், பயணம் முழுக்கச் செய்தால் 14 சதவீதம் எண்ணெய் மிஞ்சும் என்றது.

கப்பல் எங்கே வருகிறது என்பதை இன்று செல்போனிலேயே பார்க்கலாம். தெரியாதது கரையில் நடப்பதுதான். பைலட், டக் எனும் இழுவைப் படகு, கிரேன், லாரி எல்லாருக்கும் ஒரே திரையில் ஒரே நேரம் தெரிய வேண்டும், அது மாறினால் நடுக்கடலில் இருக்கும் கேப்டனுக்கும் உடனே போக வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் சர்வதேச கடல்சார் அமைப்பு கட்டாயமாக்கிய ஒற்றைச் சாளர முறை, அதாவது கப்பலின் விவரங்களை ஒரே இடத்தில் கணினி வழியாகக் கொடுப்பது, நல்லதுதான், ஆனால் அது பெரும்பாலும் காகித வேலையைத்தான் குறைக்கிறது.

சரி, கணினி வந்தால் மட்டும் ஆகிவிடுமா? காத்துக் கிடக்கும் நாளுக்கும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கைக்கு வருகிறது என்றால் கப்பல்காரர் ஏன் மெதுவாக வரப் போகிறார்? முந்தைய துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே வரிசையில் டோக்கன் கொடுத்துவிட வேண்டும். சொன்ன நேரத்துக்கு மெதுவாக வந்தால் ஒப்பந்த மீறல் ஆகாது என்று வாடகைத் தாளிலும் எழுதிவிட வேண்டும். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இதை அனல்மின் நிலைய நிலக்கரிக் கப்பல்களை வைத்தே தொடங்கலாம், எப்படியும் அவை திரும்பத் திரும்ப வருகிறவைதானே.

இப்படிக்கு,
முன்னாள் கப்பல் ஏஜென்சி ஊழியர்,
பாளையங்கோட்டை