சாந்திக்கு, அந்தக் கட்டியைப் பற்றி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், உனக்கு முட்டி வலி தேவலை என்றெல்லாம் படித்துச் சந்தோஷமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல, இடது தோளுக்குப் பின்னால் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதத்தான் நீ பேனாவையே எடுத்திருப்பாய். உன்னை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேனே, எனக்குத் தெரியாதா? என் சேதிகளை அப்புறம் சொல்கிறேன். முதலில் இதைப் பேசிவிடுவோம்.

அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் நர்ஸாக இருந்த காலத்தில் இப்படிக் கட்டியோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எல்லோர் மனத்திலும் ஒரே கேள்விதான் இருக்கும், ஆனால் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். நீயும் அந்தச் சொல்லை எழுதவில்லை. நானே எழுதிவிடுகிறேன்: புற்றுநோயாக இருக்குமோ என்றுதானே பயப்படுகிறாய்? தோலுக்கடியில் தட்டுப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கெடுதல் இல்லாதவை. உன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். ஆனால் உன்னுடையதும் அப்படிப்பட்டதுதான் என்று ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடிதத்தைப் படித்து நான் சொல்லக்கூடாது.

முதல் காரியமாக, அதை அமுக்கிப் பார்ப்பதை நிறுத்து. ராத்திரி விழிப்பு வரும்போதெல்லாம் கை அங்கேதான் போகிறது என்று எழுதியிருக்கிறாய். திரும்பத் திரும்ப அமுக்கினால் சுற்றியுள்ள சதை நொந்து போகும், லேசாக வீங்கவும் செய்யும். உடனே 'நேற்றைவிடப் பெரிசாகிவிட்டது, இப்போது வலிக்கவும் செய்கிறது' என்று தோன்றும். அந்த வலி உன் விரல் கொடுத்தது. வளர்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஸ்கேல் வைத்து அளந்து, தேதியோடு குறித்து வை. போனில் ஒரு படமும் எடுத்துக்கொள். அது போதும்.

நீ சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் எனக்குக் கொழுப்புக் கட்டி ஞாபகம்தான் வருகிறது. மெத்தென்று இருக்கும், வலிக்காது, மேலே உள்ள தோல் சாதாரணமாக இருக்கும். தோள், முதுகு, கழுத்து, மேல்கை, தொடை இவைதான் அது அதிகம் வரும் இடங்கள். நம்மைப்போல நடுவயது தாண்டுகிறவர்களுக்கு இது சகஜம். பெரிய டாக்டர் புதிதாக வந்த மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கட்டியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து மெதுவாக அழுத்தச் சொல்வார். விளிம்பு விரலுக்கடியிலிருந்து நழுவி அந்தப் பக்கம் ஓடிவிடும். மாணவர்கள் சட்டென்று கையை எடுத்துவிட்டு, மறுபடியும் தொட்டுப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பது வெறும் கொழுப்பு, மெல்லிய உறைக்குள் மஞ்சளாகத் திரண்டிருக்கும். எண்ணெய்ப் பண்டம் தின்றதால் வந்தது என்று உன் நாத்தனார் சொன்னாளாமே, அதை நம்பாதே. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பு இளைத்தாலும் இது கரையாது.

அதே தோளில் வேறொன்றும் வரலாம். தோலின் மேல்செல்கள் உள்ளே மாட்டிக்கொண்டு பை மாதிரி ஆகி, அதற்குள் வெள்ளையாகக் குழைந்த பொருள் சேரும். உற்றுப் பார்த்தால் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி தெரியும். கொழுப்புக் கட்டியில் அந்தப் புள்ளி இருக்காது. இதைத்தான் பலர் பிதுக்கிவிடுகிறார்கள். நாற்றமடிக்கும் மாவு போல வெளியே வரும், சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். உள்ளே பை அப்படியே இருப்பதால் மறுபடி நிரம்பும். சில சமயம் பை உள்ளேயே உடைந்து, சிவந்து, சீழ் பிடித்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று அந்தக் காரியம் மட்டும் செய்துவிடாதே.

நெறி கட்டுவதைப் பற்றி உனக்குச் சொல்லவே வேண்டாம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், தொண்டைப் புண் வந்தால் தாடைக்குக் கீழே. உன் பேத்தி கழுத்தில் சின்னச் சின்னதாகத் தட்டுப்படுகிறது என்று போன முறை எழுதியிருந்தாயே, சளி பிடிக்கிற குழந்தைகளுக்கு அது ரொம்ப சாதாரணம். கிருமியோடு சண்டை போடும் நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன, அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் வடிய ஆரம்பிக்கும். வடியாமல் நின்றாலோ, கல் மாதிரி கெட்டியாகி நகராமல் இருந்தாலோ, பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரண்டாலோ காட்டியாக வேண்டும். அப்படி ஒட்டித் திரள்வது காசநோயிலும் உண்டு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தால் குணமாகும் நோய் அது.

காரை எலும்புக்கு மேலே உள்ள குழியில் தட்டுப்பட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாது. இடது பக்கக் குழியில் வருகிற கணு, வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம் என்று 1848-லேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ எழுதினார். வயிற்றிலிருந்து மேலே ஏறும் நிணநீர்க் குழாய் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் ரத்தத்தோடு கலக்கிறது. உன் கட்டி தோளுக்குப் பின்னால் என்பதால் இந்தக் கணக்கில் வராது. ஆனாலும் டாக்டர் உன் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்ப்பார். எதற்கு அங்கெல்லாம் பார்க்கிறார் என்று பயந்துவிடாதே, அது வழக்கமான பரிசோதனை.

'வலிக்கவில்லையே, அப்புறம் என்ன பயம்' என்று உன் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளாதே. சுருக்கென்று வலித்து, சிவந்து, தொட்டால் சுடுகிற கட்டி பெரும்பாலும் சீழ்க்கட்டியாக இருக்கும். கெட்ட கட்டிதான் ஆரம்பத்தில் பல சமயம் வலிக்காமலே இருந்துவிடும். பார்க்க வேண்டியது வேறு. 5 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா, சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி வளர்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, ஒரு தடவை வெட்டி எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறதா. தசையை இறுக்கும்போது அசையாமல் நின்றுவிட்டால் அது ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம், ஆழத்தில் இருப்பதை ஸ்கேன் செய்யாமல் விடமாட்டார்கள். காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ராத்திரியில் துணி நனைகிற அளவுக்கு வேர்ப்பது, விட்டு விட்டுக் காய்ச்சல் வருவது, இதில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல். மார்பில் என்றால் எந்தக் கட்டியானாலும் உடனே காட்ட வேண்டும். ஆண்களுக்கும் மார்பில் வரலாம் என்பதை உன் வீட்டுக்காரரும் தெரிந்துகொள்ளட்டும்.

அநேகமாக அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வார்கள். பசை தடவி மேலே ஓட்டுவதோடு சரி, வலி கிடையாது. சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்துச் சோதிப்பார்கள், இல்லையென்றால் சதையில் சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்ப்பார்கள். இந்த இடத்தில்தான் உன்னிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் சாந்தி. 'ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பரிசோதனை வேண்டாம் என்று எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்து அவர்களே திரும்பி வரும்போது சின்ன அறுவையில் முடிந்திருக்க வேண்டியது பெரிதாகியிருக்கும். ஒரு அம்மா இரண்டாம் தடவை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அன்று என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஊசியால் பரவுவது மிக மிக அபூர்வம். அதற்கும் யோசித்துத்தான் எந்தப் பக்கமாக ஊசி போடுவது என்று முடிவு செய்கிறார்கள். பார்க்காமல் விடுவதால் வருகிற ஆபத்துதான் பெரிது.

கொழுப்புக் கட்டி என்றே முடிவானால் அப்படியே விட்டுவிடலாம். உடையில் உரசுகிறது, படுக்கும்போது உறுத்துகிறது, பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் மரத்துப் போகும் ஊசி போட்டு எடுத்துவிட்டு, சில தையல் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அந்த முடிவுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்.

என் பக்கத்துச் சேதி கொஞ்சம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றது இப்போதுதான் உடம்புக்குப் பழகுகிறது. காலையில் நடக்கிறேன், மத்தியானம் படிக்கிறேன். பெரியவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல், குழந்தைகளைப் பிரிந்திருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கண்ணில் புரை ஆரம்பம் என்றார்கள், இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாமாம்.

இந்த வாரமே போய்க் காட்டு. தனியாகப் போகாதே, உன் மகளைக் கூட்டிக்கொண்டு போ, டாக்டர் சொல்வதில் பாதி பதற்றத்தில் காதில் விழாது. எப்போது கண்ணில் பட்டது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல், நீயாக நிறுத்தாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று அன்று சாயங்காலமே எனக்குப் போன் பண்ணு. நான் காத்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
கலா