ப்ளெத்தோரா வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பழக நீ எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து, மதிய நேரத்தில் நூலகம் காலியாக இருந்தபோது படித்தேன். போனில் படித்தால் எனக்குப் படித்த மாதிரியே இருப்பதில்லை.

விஷயம் நன்றாக இருக்கிறது. ஏரிக்குள் கட்டடம் வந்த கதையை இன்னும்கூட விரித்து எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்துக்குள் 'ப்ளெத்தோரா' (ஏராளம் என்று அர்த்தம்) மூன்று இடத்தில் வருகிறது. பிரச்சினைகள் ப்ளெத்தோரா, திட்டங்கள் ப்ளெத்தோரா, கடைசியில் தெருக்குழாயடியில் நிற்கிற குடங்களும் ப்ளெத்தோரா. 'மெனி' என்று போட்டால் மார்க்கைக் குறைத்துவிடுவார்களா? அண்ணா நகர் பயிற்சி மையத்தில் உங்கள் எல்லோர் கையிலும் ஒரே சொற்பட்டியல் இருக்கும் போலிருக்கிறது. பேப்பர் திருத்துகிறவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

அதனால் நீ கேட்ட அந்த ஆங்கிலச் சொல் கற்றுத்தரும் செயலிக்குப் பணம் கட்டாதே. காசுக்காகச் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் இந்து பேப்பரைப் பிடிக்க இங்கே நூலகத்தில் பையன்களுக்குள் தினமும் போட்டி. தலையங்கப் பக்கத்தை விரித்து, தெரியாத சொல்லையெல்லாம் லாங் சைஸ் நோட்டில் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் தமிழில் அர்த்தம் போடுகிறார்கள். நோட்டு நிறைகிறது. அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் வந்தது, எதோடு சேர்ந்து வந்தது என்பது மட்டும் நோட்டில் இல்லை. அப்புறம் எழுதும்போது கண்ட இடத்தில் செருகுகிறார்கள். நீ முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள். ஒரு நாளைக்கு நான்கு சொல் போதும். 'மிட்டிகேட்' (தணிப்பது) என்று கண்டால் எதை என்று பார்: ரிஸ்க், பாதிப்பு இப்படித்தான் வரும். வறுமை என்று வந்தால் 'அலீவியேட்' (குறைப்பது), 'இராடிகேட்' (ஒழிப்பது) என்று எழுதுவார்கள். இந்தச் சேர்க்கை படித்துப் படித்துத்தான் கைக்கு வரும்.

அமெரிக்க அறிஞரும் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார். தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே சொல்வது. 1706-இல் பிறந்தவர். பத்து வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு பாஸ்டனில் அண்ணன் அச்சகத்தில் தொழில் பழகினார். பெண்களைப் படிக்க வைக்கலாமா கூடாதா என்று நண்பன் ஒருவனோடு கடிதத்தில் வாதம். பிராங்க்ளின் பெண்கள் பக்கம். கடிதங்கள் அப்பா கையில் சிக்கிவிட்டன. அவர் வாதத்துக்குள்ளேயே போகவில்லை. எழுத்தும் நிறுத்தக்குறியும் உன்னுடையது சரி, ஆனால் நடையிலும் ஒழுங்கிலும் தெளிவிலும் அவன்தான் மேல் என்று இடம் இடமாகக் காட்டினாராம். பெற்றவர்கள் எந்த ஊரிலும் இப்படித்தான் போல.

பையன் அப்போது 'ஸ்பெக்டேட்டர்' என்ற லண்டன் பத்திரிகையின் தொகுதி ஒன்றை வாங்கினான். 1711-இல் தொடங்கிய பத்திரிகை அது. அதில் ஒரு கட்டுரையை எடுத்து, வாக்கியம் வாக்கியமாகக் கருத்தை மட்டும் சின்னக் குறிப்பாக எழுதுவது. சில நாள் அப்படியே போட்டுவிடுவது. பிறகு புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, குறிப்பிலிருந்து முழுக் கட்டுரையையும் எழுதி, மூலத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவது. அப்போதுதான் சொல் கையிருப்பு போதவில்லை என்று தெரிந்ததாம். அதற்கு அவர் செய்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அந்தப் பத்திரிகையில் வந்த கதைகளில் சிலவற்றைச் செய்யுளாக மாற்றினார். அடியின் அளவுக்கும் ஓசைக்கும் ஏற்றபடி, ஒரே பொருளுக்கு வேறு வேறு சொல் தேடித்தானே ஆகவேண்டும்! மூலம் மறந்த பிறகு திரும்ப உரைநடையாக்கினார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்திப் பார்ப்பார். இதெல்லாம் இரவில் வேலை முடிந்தபின், விடியலில் வேலைக்கு முன், ஞாயிற்றுக்கிழமைகளில்.

நீ செய்யுளெல்லாம் எழுத வேண்டாம். ஒரே ஒரு தலையங்கம், பத்துப் பன்னிரண்டு குறிப்பு, மூன்றாம் நாள் பார்க்காமல் எழுது. உன் கட்டாய ஆங்கிலத் தாளில் 300-க்கு 25 சதவீதம் போதும்தான், ஆனால் அதில் தவறினால் மற்ற தாள்களை மதிப்பிடவே மாட்டார்கள். அதில் கேட்கிற ப்ரெஸிக்கு (சுருக்கி எழுதுவது) இந்தக் குறிப்பெடுக்கும் பழக்கமே பாதிப் பயிற்சி. கட்டுரைத் தாள் 250 மார்க், மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்கு மேல் போகும். அங்கே கருத்தை வரிசையாக அடுக்கத் தெரியாதவர்கள்தான் பாதியில் திணறுகிறார்கள். கலைத்து அடுக்குகிற பயிற்சியை வாரம் ஒருமுறையாவது செய். (ஆங்கிலத் தாள் தவிர மற்றதைத் தமிழிலேயே எழுதலாம் என்று நான் சொன்னது சொன்னதுதான். முடிவு உன்னுடையது.)

தலையங்கம் மட்டுமே படித்தால் எதை எழுதினாலும் அரசுக்குப் புத்தி சொல்கிற தொனி வந்துவிடும். உன் கடைசிப் பத்தியில் ஏற்கெனவே வந்துவிட்டது. தூங்கப்போகும் முன் பத்துப் பக்கம் கதை படி, அகராதி பக்கத்தில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால், சொந்தப் புத்தகம் படிக்கிற பிரிவிலேயே நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வராதே. மாடியில் ஆங்கிலப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

மெஸ் பணம் ஐந்தாம் தேதி போட்டுவிடுகிறேன். அடுத்த கட்டுரையைப் படம் எடுத்து அனுப்பாதே. ஒருவரி விட்டு ஒருவரி எழுதி, தபாலில் அனுப்பு. சிவப்புப் பேனாவில் எழுத எனக்கு இடம் வேண்டும்.

அன்புடன்,
அம்மா